ஒரே எண்ணில் இறங்கிய இரண்டு புறாக்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கால் நீட்டியிருப்பவர் மடக்கிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகிற கதை இல்லை இது. கடைசியில் பதில் சொல்லியாக வேண்டும்.

வியாசர்பாடியில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அமுலு, அவள் புருஷன் கஜபதி. இளையவள் தெய்வானை, அவள் புருஷன் டில்லிபாபு. எல்லோரும் கீழே ஒன்றாகக் குடியிருந்தார்கள். மேலே மொட்டைமாடியில் சகலைகள் இருவரும் ஆளுக்கொரு கூண்டு வைத்துப் பந்தயப் புறா வளர்த்தார்கள். வினை அங்கேதான் வந்தது.

முதலில் புறா வளர்த்தவன் கஜபதி. டில்லிபாபு அவனைப் பார்த்துப் பழகியவன். ஆனால் டில்லிபாபுவின் சாம்பல் புறா பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து தெருவே அதைத்தான் அண்ணாந்து பார்த்தது. கஜபதிக்கு வயிறு எரிந்தது. சகலை தீனி டப்பாவைக் குலுக்குகிற சத்தம் கேட்டாலே இவனுக்குச் சோறு இறங்காது. சாம்பல் புறா சீக்கிரம் திரும்பினால், "காத்து தள்ளிக்கினு வந்துடுச்சு" என்பான். அது தாமதமாக வந்த அன்றைக்கு மட்டும் பெண்டாட்டிக்கு மல்லிப்பூ வாங்கி வருவான். அமுலு வாங்கி வைத்துக்கொள்வாள். பூ எதற்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும். தங்கை வீட்டுப் புறாவை ஊர் புகழ்ந்தால் அவளுக்கும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். வெளியே சொல்ல மாட்டாள்.

சண்டை முற்றியது. ஒருநாள் மாமனார் இருவரையும் கூப்பிட்டார். "ஓங்கோல்ல இருந்து பறக்க விடுற பந்தயத்துல எவன் புறா முதல்ல வீடு வருதோ, மாடி அவனுக்கு. இன்னொருத்தன் கூண்டை இறக்கிடணும்."

கீழே வெயில் படுகிற இடம் கிடையாது. கூண்டை இறக்கினால் புறா வளர்ப்பதையே விட்ட மாதிரிதான்.

இப்போது ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். பந்தயப் புறாவின் காலில் ஒரு வளையம். அதற்குப் பதினாறு இலக்கத்தில் ஓர் எண். மாடியில் ஒரு மின்னணுத் தட்டு. புறா வந்து அதில் கால் வைத்தால் கீச்சென்று கத்தும். வீட்டின் பெயர், இறங்கிய நேரம், வளையத்தின் எண் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிப் பந்தயச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். ஒற்றுமையாய் இருந்த காலத்தில் சகலைகள் சேர்ந்து வாங்கியதால் தட்டு ஒன்றுதான். வளையமும் ஒரே கட்டில் எடுத்தது. அதனால் பதினைந்து இலக்கம் அச்சாக ஒன்றே. கடைசி இலக்கம் மட்டும் கஜபதியின் புறாவுக்கு மூன்று, டில்லிபாபுவின் புறாவுக்கு ஏழு.

பந்தயத்தன்று திடீர் மழை. காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு எல்லோரும் கீழே ஓடிய நேரத்தில் மேலே தட்டு கத்தியது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் கத்தியது. ஏறிப் பார்த்தால் இரண்டு புறாவும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தன. எது முன்னே வந்தது என்று யாருமே பார்க்கவில்லை.

குடும்பமே சங்கத்துக்கு ஓடியது. செயலாளர் தணிகைவேல் தட்டு அனுப்பிய கோப்பைக் கம்ப்யூட்டரில், கணக்குப் போடுகிற கட்டம் போட்ட பக்கத்தில் திறந்தான். வீட்டின் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. நேரம் இருந்தது. ஆனால் எண்? இரண்டு வரியிலும் ஒரே எண், கடைசியில் பூஜ்யம்!

"இன்னாடா இது, ஒரே புறா ரெண்டு தபா எறங்குச்சா?" என்றான் தணிகைவேல்.

"என்னுதுதான் மொதல்ல வந்துச்சு" என்றான் கஜபதி.

"நீ பாத்தியா, அண்ணே?" என்றான் டில்லிபாபு.

"நீ பாத்தியாடா?"

தணிகைவேல் ஒரு காலிக் கட்டத்தில் டில்லிபாபுவின் எண்ணைத் தானே அடித்தான். அடித்தது ஏழு, நின்றது பூஜ்யம். கஜபதியின் எண்ணை அடித்தான். மூன்றும் பூஜ்யமானது.

டில்லிபாபு பொறுமை இழந்தான். "அந்தப் பூஜ்யத்தை அழிச்சுட்டு மேல ஏழு, கீழ மூணுன்னு போட்டு சேவ் பண்ணு. என் புறா வேகம் ஊருக்கே தெரியும்."

கஜபதி எழுந்துவிட்டான். "எதையும் தொடாதே! இருக்கிறபடியே சேவ் பண்ணு. ரெண்டும் ஒண்ணுன்னு எழுது. எனக்கு மாடி இல்லன்னா அவனுக்கும் இல்ல."

தணிகைவேலின் விரல் பொத்தானுக்குப் போனது. அமுலு எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடு, அண்ணே. சேவ் பண்ணவே கூடாது. அப்படியே மூடு."

திருத்திச் சேமி என்றான் ஒருவன். இருப்பதைச் சேமி என்றான் ஒருவன். சேமிக்காமல் மூடு என்றாள் ஒருத்தி. இந்த மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: அமுலு சொன்னதே சரி. வீட்டின் பெயர் கெடவில்லை, எண் மட்டும் கெட்டது என்பதை அவள் பார்த்தாள். கணக்குப் பக்கம் எண்ணைக் கண்டால் கூட்டவும் கழிக்கவும் வந்தது என்று நினைத்துக்கொள்ளும். பதினைந்து இலக்கம்வரைதான் அதற்குப் பிடிபடும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். சேமிக்காதவரை கோப்புக்குள் தட்டு எழுதிய எண் கெடாமல்தான் இருக்கும். டில்லிபாபு சொன்னபடி ஏழு போட்டாலும் அது நிற்காது. கஜபதி சொன்னபடி சேமித்தால் தட்டு எழுதிய உண்மையும் அழிந்து பூஜ்யம்தான் மிஞ்சும். புறாவின் எண்ணை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? அதுவும் ஒரு பெயர்தானே! சேமிக்காமல் மூடவைத்து, கோப்பை மறுபடி திறக்கும்போது எண் வருகிற பத்தியை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லவைத்தாள் அமுலு. பதினாறு இலக்கமும் வந்தன. முதல் வரியின் கடைசியில் ஏழு. டில்லிபாபு கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. கஜபதி பெண்டாட்டியை முறைத்தான். அவள் வீட்டுக்கு வந்து நேரே மாடி ஏறினாள். தங்கள் கூண்டைக் கீழே இறக்க அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தூக்கப் புருஷன் ஏறி வரும்வரை மழையில் நின்றாள்.