கர்னல் வீட்டு நாய்த்தட்டு

தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை. அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். கதையில் கொஞ்சம் நாற்றம் உண்டு.

நெல்லைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே யார் இறந்தாலும், பெட்டியை மூடுமுன் கோயிலில் அவருடைய ஜீவிய சரிதத்தை வாசிப்பார்கள். வீட்டில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் எழுந்து நின்று, பிறந்தது முதல் இறந்தது வரை சொல்லவேண்டும். பீடத்தின் முன் நின்று சொல்வதால் புகழ்ச்சி வரலாம், பொய் வரக்கூடாது என்பது வழக்கம்.

கர்னல் ஐசக் வேதமாணிக்கம் அந்த ஊர்க்காரர். இருபத்தொரு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பனிமலைக் காவல், எல்லைச் சண்டை, மார்பு நிறையப் பதக்கங்கள். ஓய்வு பெற்றதும் ஒரு பாலைவன நாட்டு அரசரின் காவற்படைக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். பட்டாளத்தில் தனக்கு ஆர்டர்லியாக எடுபிடி வேலை பார்த்த மாசில்லாமணியைச் சமையலுக்கு அழைத்துப் போனார். போன அன்றே அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஒருநாள் விருந்து. கறி அடிப்பிடித்துவிட்டது. கர்னல் விருந்தாளிகளை வட்டமாக நிற்கவைத்து, தீய்ந்த கறியை நாயின் தட்டில் கொட்டினார். மாசில்லாமணியைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, வாயால் தின்னச் சொன்னார். தட்டில் நாயின் எச்சில் இன்னும் காயவில்லை. தின்று முடித்ததும் குரைக்கச் சொன்னார். மாசில்லாமணி குரைத்தார்.

இதை அந்தக் குடும்பம் வேடிக்கைக் கதையாகச் சொல்லும். பண்டிகைச் சாப்பாட்டில் கறி பரிமாறும்போது கர்னலின் மனைவி குரைத்தே காட்டுவாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, மருமகள் ஹெப்சிபாவின் மடியில் இருந்த ஆறு மாதக் குழந்தை, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஹெப்சிபா சட்டென்று குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சட்டையில் சோறு சிந்தினால் துடைக்கலாம். இதை எதைக்கொண்டு துடைப்பது?

கர்னல் சாகக்கிடந்தபோது மகன் கிங்ஸ்லி விமானம் ஏறிப் போனான்.

"கோயில்ல அந்த நாய்த்தட்டுக் கதையைச் சொல்லணும்லே. என்னை அழுது அனுப்பக் கூடாது."

"கண்டிப்பா சொல்லுதோம் டாடி" என்று அப்பாவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தான்.

உடல் ஊர் வந்தது. உடலோடு மாசில்லாமணியும் வந்தார். சரிதம் வாசிக்க ஹெப்சிபாவிடம் சொல்லியிருந்தார்கள். கான்வென்ட்டில் பழகிய குரல். ஆராதனைக்கு முன் மாசில்லாமணி அவளைத் தேடி வந்தார்.

"சின்னம்மா, அந்தக் கதையைச் சொல்லப் போறாவளாமே. எம் மக பியூலா வந்திருக்கா. மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டு ஆளுகளும் கூட வந்திருக்காவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா அங்க ராசா கணக்கா இருந்தேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"உங்க பேரு என் வாயில வராது அண்ணே. சத்தியம்."

கணவன் கிங்ஸ்லியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "அத்தான், அதை மட்டும் விட்டுருவோம்."

"செத்தவருக்குக் கொடுத்த வாக்கு ஹெப்சி. நீ வாசிக்கலேன்னா நான் எழும்பிச் சொல்லுவேன். பேரோட சொல்லுவேன், குரைச்சும் காட்டுவேன்."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வாசிக்காதட்டி" என்றாள் மாமியார். "அது சிரிக்கிற இடம்."

கோயில் நிறைந்திருந்தது. ஹெப்சிபா பனிமலையை வாசித்தாள், பதக்கங்களை வாசித்தாள், பாலைவனத்துக்கு வந்தாள். அங்கே தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கறி தீய்ந்த அன்று கர்னல் அதை நாயின் தட்டில் கொட்டி, விருந்தாளிகள் பார்க்கத் தம் மகன் கிங்ஸ்லியைத் தின்னவைத்தார். பிறகு குரைக்கவும் வைத்தார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "சீ! பெத்த பிள்ளையையா?" என்றது ஒரு பெண்குரல். போதகர் தலை குனிந்தார். கிங்ஸ்லி முகம் சிவந்து எழுந்திருக்கப் போனான். அதற்குள் கடைசி பெஞ்சில் மாசில்லாமணி எழுந்துவிட்டார்.

"தம்பி இல்ல. அது நான். தின்னதும் நாந்தான், குரைச்சதும் நாந்தான்."

பியூலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

கோயிலே பெருமூச்சு விட்டது. "அதானே பாத்தேன்! சமையக்காரந்தானா?" என்றார் முன்வரிசையில் கோட்டு போட்ட ஒருவர். எங்கோ ஒரு சிரிப்பு தொடங்கி, பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. மாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கிங்ஸ்லியும் சிரித்தான், தப்பித்த சிரிப்பு.

இப்போது சொல்லுங்கள். கிங்ஸ்லி, செத்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே தீருவேன் என்று நின்றான். ஹெப்சிபா, உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்குக்காகப் பீடத்தின் முன் பொய் சொன்னாள். மாசில்லாமணியோ தாமே கேட்டு வாங்கிய வாக்கைத் தம் மகளின் முன்னாலேயே உடைத்துப் போட்டார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாசில்லாமணி. கிங்ஸ்லி வாக்காகக் கொடுத்தது இன்னொருவர் மானத்தை. அது அவன் கொடுக்கக்கூடிய பொருளே அல்ல. ஹெப்சிபாவும் ஒரு மானத்தைக் காக்க வேறொரு மானத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்த அவமானம் மாசில்லாமணிக்குச் சொந்தம். மூடவும் திறக்கவும் அவருக்கு மட்டுமே பாத்தியதை. தன் அசிங்கத்தை அடுத்தவன் தலையில் இறக்கிவைக்க மாட்டேன் என்றவர் அந்தக் கோயிலில் அவர் ஒருவர்தான். ஆனால் அந்தப் பொய்யும் ஒரு காரியம் செய்தது. மகன் தின்றான் என்றபோது அருவருத்த வாய்கள், சமையல்காரர் தின்றார் என்றதும் எப்படிச் சிரித்தன என்பதை எல்லாரும் பார்க்கும்படி வைத்தது. பியூலாவும் பார்த்தாள். அப்பாவைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப் போகும்போது திரும்பினாள். பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் அவள் புருஷனும் இருந்தான்.