பின்னால் நின்ற படகு

ஆப்பிரிக்காவில், டக்கார் மீன் கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்து, மீனோடு தங்கள் மூளையையும் ஐஸில் வைத்துவிட்ட மூன்று பேர் இருந்தார்கள்: எசக்கிமுத்து, வேலுச்சாமி, சிங்காரம். சிங்காரத்துக்கு நாலாம் நாள் சங்கரன்கோவிலில் கல்யாணம். ஊருக்கு விமானம் இன்று இரவே. அதற்குள் பக்கத்துக் கடலில் இருக்கிற கோரே தீவைப் பார்த்துவிடலாம் என்று மற்ற இரண்டு பேரும் இழுத்து வந்துவிட்டார்கள். ஐந்து மணிப் படகை விட்டால் விமானம் போச்சு. பெண்ணோ, "நீங்க வரலேன்னா என் முறைமாப்பிள்ளை ரெடியா இருக்கான்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

தீவில், அந்தக் காலத்தில் அடிமைகளாக விற்கப் பிடித்துவந்த ஜனங்களை அடைத்துவைத்த வீட்டை வழிகாட்டி மூசா காட்டினார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அழுதார்கள். அதுவரை சரிதான். புத்தியுள்ளவர்கள் அதோடு நிறுத்தியிருப்பார்கள்.

"இது துக்க வீடுடே. போயிட்டு வாரோம்னு சொல்லப்படாது" என்றான் எசக்கிமுத்து.

"திரும்பியும் பாக்கப்படாது. அதுவும் கல்யாண மாப்பிள்ளை!" என்றான் வேலுச்சாமி.

விடைகொடுக்கக் கை நீட்டிய மூசாவை அம்போவென்று விட்டுவிட்டு, வாசல் வழியே விறுவிறுவென நடந்தார்கள். படகுத்துறையோ வீட்டுக்குப் பின்பக்கம். அங்கிருந்து சங்கு ஊதியது.

"அண்ணாச்சி, படகு கூப்பிடுது."

"கூப்பிட்டா உடனே திரும்பிருவியா? உனக்குக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா?" என்று அதட்டினான் எசக்கிமுத்து.

மூசா ஓடிவந்து, படகு பின்னால் நிற்கிறது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார்.

"திரும்பாம, பின்னாலேயே நடந்து போயிருவோமா?" என்றான் சிங்காரம், அழாத குறையாக.

எசக்கிமுத்து தாடையைச் சொறிந்தான். "முதுகால பாத்த மாதிரி ஆயிராதா?"

வேலுச்சாமிதான் வழி கண்டுபிடித்தான். "தீவுதானடே? கரையோரமா நடந்துக்கிட்டே இருந்தா படகு தானா முன்னாடி வந்துரும்."

தீவு முழுவதையும் சுற்றி வந்தார்கள். படகு முன்னாடிதான் இருந்தது, நடுக்கடலில். "சொன்னேன்லா?" என்றான் வேலுச்சாமி பெருமையாக. சிங்காரம் மணலில் விழுந்து ஓவென்று கதறினான்.

மூசா கெஞ்சிக் கூத்தாடி யாருக்கோ போன் போட்டார். கல்யாண மாப்பிள்ளை என்று கேட்டதும் கேப்டனுக்கு மனசு இளகிவிட்டது. யாருக்கும் கிடைக்காத பாக்கியம், படகு வளைந்து துறைக்கே வந்து சேர்ந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஜனம் கைகொடுத்தது.

சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"கேப்டன் அண்ணாச்சி, நீங்க திரும்பிட்டீங்களே! நல்ல காரியத்துக்குப் போறவன் இதுல ஏறலாமா? திரும்பாத படகா ஒண்ணு அனுப்பிவிடுங்க. நாங்க நிக்கோம்."