ஆற்றில் மூன்றாம் கேள்வி

தாமிரபரணிக் கரையில் பெண் துறவிகள் மட்டுமே இருக்கும் மடம் ஒன்று இருந்தது. அங்கே துறவு ஏற்கிறவள் விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்க வேண்டும். கரையிலிருந்து குரு மூன்று தடவை "நீ யார்?" என்று கேட்பார். மூன்று தடவையும் "யாருமில்லை" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு குரு புதுப் பேர் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட, அவள் மேலே ஏறி வருவாள். பழைய வாழ்க்கையைப் பற்றி அதற்கப்புறம் மூச்சு விடக் கூடாது.

பேச்சியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு சிவகாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகப் பேச்சியம்மாள் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. சொன்ன வேலையைச் செய்வாள். தூக்கத்துக்கு மாத்திரை போடுவாள். கை நடுங்கினால் முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

"நீ யார்?"

"யாருமில்லை."

"நீ யார்?"

"யாருமில்லை."

"நீ யார்?"

அவள் தலையை அசைத்து மறுத்தாள். கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் பேச்சியம்மாள்.

மடத்தின் மூத்த துறவிக்கு மௌனத்தம்மாள் என்று பேர். அந்த அம்மாள் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு ஏறி வா தாயி."

"முதல்ல ரெண்டு தடவை சொன்னதே பொய். நான் கொம்பையாவோட அம்மா. பதினோரு வயசுல மூளைக்காய்ச்சல்ல போயிட்டான். அவன் போனாலும் நான் அவன் அம்மாதான்."

அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

"மறக்கணும்னுதானே இங்கே வந்தீங்க?" என்று கேட்டார் குரு.

"ஆமா சாமி. எங்க ஊர்லயும் மறந்துரு, மறந்துருன்னுதான் சொன்னாங்க. அவன் போட்டோவை ஒளிச்சு வச்சாங்க. சட்டையெல்லாம் யாருக்கோ குடுத்துட்டாங்க. தெருவே என்னைக் கொம்பையா அம்மான்னுதான் கூப்பிடும். அவன் போன மறுநாள்லேருந்து ஒருத்தர் அப்படிக் கூப்பிடல. எனக்கு வலிக்குமாம். அக்கான்னாங்க, இந்தாங்கன்னாங்க. நல்லவங்கதான். ஆனா அப்பத்தான் கை நடுங்க ஆரம்பிச்சுது. கண்ணாடியில பார்த்தா யாரோ நிக்காங்க. டாக்டர் மாத்திரை தந்தாரு. தூக்கம் வந்துது, நான் திரும்பி வரல. இப்ப நீங்களும் யாருமில்லைன்னு சொல்லச் சொல்லுதீங்க. முடியாது. வெளியே அனுப்பினா போறேன்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மடத்தை விட்டால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. ஆனாலும் சொன்ன பேரை இனி விழுங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பக்குவம் வரல. அனுப்பிரலாம்" என்றாள் மௌனத்தம்மாள்.

குரு அதைக் காதில் வாங்கவில்லை. "பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

பேச்சியம்மாள் திகைத்துப் போனாள். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"தோசை. ஓரத்துல கருகினதை மட்டும் பிச்சுத் தின்பான். நடுவை எனக்குத் தள்ளி விட்டுருவான். சரியான போக்கிரி."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. கை நடுங்கியது. அவள் அதை ஒளிக்கவில்லை.

"இன்னொரு தடவை கேட்கிறேன். நீ யார்?"

"கொம்பையா அம்மா" என்றாள், அக்கரைக்கும் கேட்கும்படி.

மௌனத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இதை விடாம உள்ளே வந்தா அது என்ன துறவு?"

"இதை விட்டுட்டு வந்தா, வர்றது யாரு?" என்றார் குரு.

பிறகு படியில் இரண்டு அடி இறங்கி, புதுப் பேர் சொல்ல வேண்டிய இடத்தில் நின்று, கையை நீட்டினார்.

"கொம்பையா அம்மா, மேலே வாங்க."