டிராகனுக்கு ஒரு தட்டு

எல்லோரும் வந்தாயிற்றா? சரி, கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால், பாதி வருஷம் பனி கொட்டும் போலந்து தேசத்தில், விஸ்துலா என்ற ஆற்றின் கரையில் ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். பயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஆற்றை ஒட்டி அவருடைய நகரம். நகரத்துக்குப் பின்னால் ஒரு குன்று, குன்றில் ஒரு குகை, குகையில் ஒரு டிராகன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்த்ததில்லை. பல்லியைப் போல உடம்பாம், மூன்று யானைப் பருமனாம், மூச்சு விட்டால் நெருப்பாம். இறக்கை மட்டும் கிடையாது.

அதற்குப் பயந்து ராஜா குன்றுக்கும் நகரத்துக்கும் நடுவே பெரிய மதில் எழுப்பினார். டிராகன் மூன்று முறை மதிலருகே வந்தது. மூன்று முறையும் வீரர்கள் கொதிக்கும் தார் ஊற்றி விரட்டினார்கள். அதன் பிறகுதான் அது குன்றில் மேயவந்த மாடுகளைத் தூக்க ஆரம்பித்தது. கண்டபடி தூக்குவதற்கு நாமே கொடுத்துவிடலாம் என்று ஊரார் முறை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு மாட்டைக் குகை வாசலில் கட்டிவிட்டு ஓடிவந்தார்கள்.

போக்னா என்று ஒருத்தி. புருஷனை இழந்தவள். மதில் கட்டியபோது அவள் குடிசை குன்றுப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு குடிசைக்காக மதிலை யார் வளைத்துக் கட்டப்போகிறார்கள்? அவளுக்கு இருந்ததெல்லாம் கிராசுலா என்ற பசுவும், அதன் பாலைக் குடித்து வளரும் மீலா என்ற பெண் குழந்தையும்தான்.

ஒரு வாரம் கிராசுலாவின் முறை வந்தது. போக்னா ஓடிப்போய் ராஜாவின் காலில் விழுந்தாள்.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. “அழாதே. இந்த வாரம் பசு வேண்டாம். ஆட்டுத்தோலுக்குள் கந்தகமும் சுண்ணாம்பும் அடைத்து, உயிருள்ள ஆடு போலத் தைத்துக் கொடு. அதை விழுங்கினால் டிராகன் செத்தது. உன் பசு பிழைக்கும், ஊரும் பிழைக்கும்” என்றார்.

கை வெந்து கொப்பளிக்கப் போக்னா தைத்தாள். ஆடு தயாராயிற்று. மறுநாள் காலை அதைக் குகை வாசலில் வைப்பதாக ஏற்பாடு.

அன்றைக்குக் கிறிஸ்து பிறந்த நாளுக்கு முந்தைய சாயங்காலம். அந்த ஊரில் அந்தச் சாயங்காலத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். அப்போது எதிர்பாராமல் யாராவது வந்தால் அவர்களுக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பார்கள். இது ஒன்று. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் விலங்குகளுக்கெல்லாம் மனுஷர் பேச்சு வருமாம். அதைக் கேட்டவர் குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால் எல்லோரும் காதில் கம்பளி நூலை அடைத்துக்கொள்வார்கள். இது இன்னொன்று. விருந்தாளிக்குத் தட்டும் வைத்துவிட்டு, அவர் கதவைத் தட்டினால் கேட்காதபடி காதையும் அடைத்துக்கொண்டால் எப்படி? ஊரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

போக்னா மட்டும் அன்று காதை அடைக்கவில்லை. குழந்தைக்கு இருமல், அது காதில் விழ வேண்டுமே. அவள் பீட்ரூட் ரசமும் மீனும் தேன் விட்ட கோதுமையும் எடுத்துவைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டைக் காலியாக வைத்தாள். நட்சத்திரம் தெரிந்தது.

“அம்மா, தாயே, குடிக்க ஏதாவது கிடைக்குமா?”

வாசலில் குரல் கேட்டது. கதவைத் திறந்தாள். பனியில் மண்டி போட்டு டிராகன் நின்றது.

கதவைச் சாத்தப் போனாள். ஆனால் தட்டு வைத்தாயிற்று, ஆளும் வந்தாயிற்று. இருந்த ரசத்தையெல்லாம் தட்டில் ஊற்றி வாசலில் வைத்தாள். டிராகன் தட்டைத் துடைத்தாற்போல் நக்கியது.

“மூன்று வருஷமாக இந்தச் சாயங்காலத்தில் கூப்பிடுகிறேன். இன்றைக்குத்தான் ஒரு கதவு திறந்தது” என்றது. “என் வயிற்றில் நெருப்பு, தாயே. ஆற்றில் முகத்தை முக்கிக் குடித்தால்தான் அடங்கும். மதில் வந்து வழியை அடைத்துவிட்டது. பனியைத் தின்னலாம் என்றால் வாய்க்கு வருமுன் ஆவியாகிவிடுகிறது. மாட்டு ரத்தத்தால்தான் தொண்டையை நனைத்துக்கொள்கிறேன். பாவம், அவை கத்தும் கத்தலைக் கேட்க முடியவில்லை.”

போக்னாவுக்குத் தான் தைத்த ஆடு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் நாளைக்குக் கிராசுலா போய்விடும், குழந்தைக்குப் பால் போய்விடும். சொல்லாவிட்டால், தன் வீட்டில் சாப்பிட்ட உயிரைத் தானே கொன்றதாக ஆகும். அடுப்பைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், காலியான தட்டைப் பார்த்தாள்.

“நாளைக்கு உனக்கு ஒரு ஆடு வரும். தின்றுவிடாதே. உள்ளே கந்தகமும் சுண்ணாம்பும் இருக்கிறது. தைத்தவள் நான்தான்” என்றாள்.

டிராகன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கையெல்லாம் வெந்திருக்கிறதே. ரொம்ப எரிந்ததா?”

“எரிந்தது” என்றாள். உட்கார்ந்து அழுதாள்.

விடிந்தது. ஆடு குகை வாசலில் நின்றது. ராஜாவும் ஊரும் மதில்மேல் நின்றார்கள். டிராகன் வெளியே வந்தது, ஆட்டை மூக்கால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மதில் கதவுக்கு எதிரே வந்து படுத்துக்கொண்டது. பேச்சு முந்தைய நாளோடு போய்விட்டது அல்லவா? கதவையே பார்த்தபடி படுத்திருந்தது.

“யார் இதற்குச் சொன்னது?” என்று ராஜா கத்தினார்.

“நான்தான், ராஜா!” என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கிராசுலாவின் கயிறு. டிராகனுக்குப் பக்கத்திலேயே போக்னா நின்றாள்.

“ஊரையே காட்டிக்கொடுத்துவிட்டாளே, பாவி!” என்று மேலேயிருந்து ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

“என் பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் திறந்துவிடுங்கள். இதற்கு வேண்டியது மாடு இல்லை, தண்ணீர்.”

“ஒரு மிருகம் சொன்னதை நம்பியா திறக்கச் சொல்கிறாய்?”

“நேற்று அது என் வீட்டில் சாப்பிட்டது, ராஜா. உங்கள் அரண்மனையிலும் ஒரு தட்டைக் காலியாக வைத்தீர்களே. அது யாருக்காக?”

சிறு வயதிலிருந்து ராஜாவும் வருஷம் தவறாமல் தட்டு வைத்தவர்தான். அந்தப் பெண்ணையும் அவள் இடுப்பில் இருமிய குழந்தையையும் பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்தார். தளபதி தடுத்தும் கேட்காமல் தன் கையாலேயே தாழ்ப்பாளை நீக்கினார்.

டிராகன் எழுந்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு வழியே மெல்ல நடந்து ஆற்றுக்கு இறங்கி, உறைந்து கிடந்த நீர்மேல் முகத்தை வைத்தது. பனிக்கட்டி சுரீரென்று உருகி வழிவிட்டது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் தலையைத் தூக்கி நிம்மதியாக மூச்சு விட்டது. நெருப்பு வரவில்லை. குளிரில் நம் எல்லோர் வாயிலும் வருமே, அந்த வெள்ளைப் புகைதான் வந்தது.

பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற ராஜாவின் வாயிலும் அதே புகை வந்தது. “இவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை மாடு, இத்தனை பெரிய மதில்?” என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, பயந்து கதவை அடைப்பதற்கு முன்னால், வாசலில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.