கிழக்கே சூலம், காட்டுல யானை

ம் கொட்டணும், ஆமா. கொட்டலைன்னா நான் நிறுத்திருவேன். ஒரு ஊர்ல ஒரு பேச்சி இருந்தா. அவளுக்குக் கண்ணுல வெளிச்சம் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்துது. கிட்ட இருக்கிறது முதல்ல மங்கிருச்சு, தூரம் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி. இனி வைத்தியம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழுசா இருட்டுறதுக்குள்ள, சங்கிலி போடாத யானையை ஒரு தடவை காட்டுல பாத்துரணும்னு அவளுக்கு ஆசை. ம்?

அவ புருஷன் சுடலைக்கண்ணு. நல்ல மனுஷன்தான், ஆனா காலண்டர் பாக்காம வாசப்படி தாண்ட மாட்டாரு. ஊருக்குக் கிழக்கே ஒரு காடு, தேசியப் பூங்கான்னு அரசாங்கம் வேலி போட்டுக் காப்பாத்துறது. காலைல எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா, வேன்ல ஏறிக் காட்டைச் சுத்திப் பாத்துட்டுப் பொழுதுசாயத் திரும்பிரலாம். ஒரு நாள் சோலி. அதுக்கு அவரு போட்ட திட்டம் இருக்கே, அப்பப்பா. திங்கக்கிழமைன்னா கிழக்கே சூலம், அந்தப் பக்கம் போகக் கூடாதாம். செவ்வாய்னா பூங்காவுக்கு லீவு. புதன்னா எட்டு மணிக்கு எமகண்டம். பேச்சிக்குத் தலை கிறுகிறுன்னு வந்துது.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. நல்ல நேரத்துல பையை மட்டும் எதிர்வீட்டுல கொண்டு வச்சுட்டா, நாமளே கிளம்பின மாதிரிதான். பரஸ்தானம்னு அதுக்குப் பேரு. செவ்வாய் சாயங்காலமே மாரித்தங்கம் வீட்டுல பையை வச்சாச்சு. புதங்கிழமை விடிஞ்சு பாத்தா எதிர்வீட்டுல பூட்டு. மாரித்தங்கம் கல்யாணத்துக்குப் போயிட்டா. ஆதார் அட்டை பைக்குள்ள, அது இல்லாம வேன்ல ஏத்த மாட்டாங்க. பஸ்ஸு பாம் பாம்னு போயிருச்சு.

வியாழக்கிழமை பை கைக்கு வந்துது. தெருமுனைல தபால்காரர் பாத்து, எங்க கிளம்பிட்டீகன்னு கேட்டுட்டாரு. போறப்ப எங்கன்னு கேட்டா விளங்குமா? திரும்பி வந்து, உக்காந்து, தண்ணி குடிச்சு, மறுபடி கிளம்புறதுக்குள்ள அன்னைக்குப் பஸ்ஸும் போச்சு. தூங்கிட்டியா? ம், சரி.

வெள்ளிக்கிழமை நேரம் நல்லாத்தான் இருந்துது, பஸ்ஸுதான் வரலை. வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. அடுத்த பஸ்ஸு பத்தே முக்காலுக்கு, அது ராகுகாலம். நாளைக்கும் கிழக்கே சூலம், அதனால ஞாயித்துக்கிழமை பாப்போம்னாரு. பேச்சி அவருக்குக் காப்பி ஊத்துனா. காப்பி டம்ளருக்கு வெளியே சளசளன்னு தரைல ஓடுது. அவரு சொன்னப்புறம்தான் அவளுக்கே தெரிஞ்சுது. நேத்துவரைக்கும் ஒழுங்கா ஊத்துனவ. அவளுக்குப் பயமா இருந்துது. அப்போ சொன்னா:

"எனக்கு ராகுகாலமும் ஒண்ணுதான், எமகண்டமும் ஒண்ணுதாங்க. கண்ணு தெரியுற நேரம்தான் எனக்கு நல்ல நேரம்."

அவரு பத்தரை அடிச்சதும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படி இறங்கிட்டாரு.

அப்புறம் பஸ்ஸு, அப்புறம் வேன், கடகடகடன்னு. ஓடைக்கு அந்தாண்ட மூங்கில் மடமடன்னு முறியுது. டிரைவர் வண்டியை நிப்பாட்டி, அந்தா யானைன்னாரு. குட்டி இருக்கா, பாத்துச் சொல்லுங்கன்னா பேச்சி. சுடலைக்கண்ணு பாக்குறாரு, பாக்குறாரு, ஒண்ணும் தெரியலை. ரெண்டு கண்ணுலயும் தண்ணி. பேச்சிதான் அவரு தாடையைப் பிடிச்சுத் திருப்பி, "அந்தா பாருங்க, பெருசோட காலுக்கு நடுவுல நிக்குது"ன்னா.

அவ்வளவுதான். யானையெல்லாம் காட்டுக்குள்ள போயிருச்சு, நீயும் கண்ணை மூடு.