மாடத்தியக்கா கேட்ட சத்தியம்

மடியில பீடித் தட்டு இருக்கு. கை பாட்டுக்குச் சுத்தட்டும், எங்க வார்டு எலெக்‌ஷன்ல நடந்ததைச் சொல்லுதேன்.

பழைய மெம்பர் சண்முகவேலு மறுபடியும் நின்னாரு. எங்க தெரு அடிபம்பை ரிப்பேருன்னு கழட்டிட்டுப் போனவரு, திருப்பி மாட்டவே இல்ல. நாங்க குடத்தோட ஆத்துக்கு நடந்தோம். அவரு தோப்பு மட்டும் பச்சைப் பசேல்னு இருந்துச்சு.

ஒருநாள் தாம்பாளத்துல கற்பூரத்தைக் கொளுத்திக்கிட்டு ஆளுகளோட வந்தாரு. "எனக்குத்தான் ஓட்டுன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணாத வீட்டுக்கு நூறு நாள் வேலை கிடையாது"ன்னாரு. எல்லாரும் பின்னால நகந்துட்டோம்.

ஆடு மேய்க்கிற மாடத்தியக்காதான் முன்னால வந்தா. "தாராளமா பண்ணுதேன் அண்ணாச்சி. ஆனா பொய்ச் சத்தியம்னா கண்ணு போயிருமாமே, பயமா இருக்கு. மொதல்ல நீங்க ஒண்ணு பண்ணிக் காட்டுங்க."

"நான் என்னன்னு பண்ண?"

"எங்க பம்பு உங்க தோப்புல இல்லைன்னு."

அண்ணாச்சி இருமுனாரு, துண்டை உதறுனாரு, கற்பூரம் அணையுற வரைக்கும் கையை மட்டும் நீட்டல. "காத்து அடிக்கி"ன்னாரு. அன்னைக்கு ஒரு இலைகூட அசையல. தெருவே சிரிச்சுச்சு.

மறுநாளே பம்பு வந்துட்டு. "இப்ப எனக்குத்தானே ஓட்டு?"ன்னாரு. நாங்களும் மண்டையை மண்டையை ஆட்டுனோம். எலெக்‌ஷன் அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா போயி, அவரை எதுத்து நின்ன ஆளுக்கே ஓட்டைக் குத்திட்டு வந்தோம். இந்தா வாரேன் அத்தை, புள்ளையைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கோங்க.