அருமைநாயகம் வாய் தொறக்காத சனிக்கிழமை

“டீச்சர், நான் எப்பதான் பேசணும்?”

ஜெசிந்தா டீச்சர் ஒத்தை விரலை மேல காட்டினாங்க.

அருமைநாயகம் அண்ணாந்து பாத்தாரு. மேல ஒட்டடை இருந்துச்சு. ஒரு பல்லி இருந்துச்சு. அதுக்கும் மேல மொட்டை மாடி. அதுக்கும் மேல ஆண்டவர்.

“மேல இருந்து உத்தரவு வரும். அப்பப் பேசணும். அப்படித்தான?”

டீச்சர் விரலை இன்னும் வேகமா ஆட்டினாங்க.

“அதுவரைக்கும் காத்திருக்கணும். சரி டீச்சர். புரிஞ்சுபோச்சு.”

டீச்சர் வாயில இருந்து ஒரு சின்னப் பட்டையை வெளிய எடுத்தாங்க.

“ஃபேனைப் போடச் சொன்னேன் அண்ணாச்சி. வேர்த்து ஊத்துது.”

அந்தப் பட்டைக்குப் பேரு ரீடு. சாக்ஸபோன் வாயில மாட்டுறது. நாணல்ல சீவினது. வாசிக்கிறதுக்கு முன்னாடி எச்சில்ல ஊற வைக்கணும். காஞ்சிருந்தா பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்தும். அது ஊறுற நேரம் பூரா டீச்சரால வாயத் தொறக்க முடியாது.

டீச்சர்கிட்ட ஞானம் கேக்க வர்ற எல்லாரும் எப்படியோ அந்த நேரமாப் பாத்துத்தான் வருவாங்க.

*

அருமைநாயகம் டீச்சரை விட பதினஞ்சு இருபது வயசு மூத்தவரு. தொழில், ஆட்டோவில மைக் கட்டி விளம்பரம் சொல்றது.

“வாருங்கள் வாருங்கள் வாருங்கள்! ஆடித் தள்ளுபடி!” தூத்துக்குடில அந்தக் குரலைக் கேக்காத காதே கிடையாது. கேக்கக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தினவங்களும் கேட்டிருக்காங்க.

வாரம் பூரா அந்தக் குரல் ஜவுளிக்கடைக்குச் சொந்தம். தேர்தல் வந்தா கட்சிக்குச் சொந்தம். யாராவது செத்துப்போனா அந்த வீட்டுக்குச் சொந்தம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் அது அவருக்கே சொந்தம்.

அந்த ஒரு மணி நேரம் ‘உப்புக்காத்து’ சமூக வானொலியில ஜாஸ்.

மகளிர் குழுக்கள் சேந்து நடத்துற ரேடியோ. மீன்பிடித் துறைமுகம் பக்கத்துல, ஒரு ஐஸ் பாக்டரிக்கு மேல, மாடியில ரெண்டு ரூம். சனிக்கிழமை ஆறு மணிக்கு டீச்சர் சாக்ஸபோனை எடுப்பாங்க. ராயன் ஆள் உயர வயலின் மாதிரி இருக்கிற பேஸைத் தூக்கிட்டு மூச்சு வாங்க மாடியேறுவாரு. கண்ணாடிக் கடை கஸ்பார் டிரம்ஸ் பின்னாடி உக்காருவாரு. வாசிக்கிறது அப்படியே நேரடியா ஊருக்குப் போகும்.

அறிவிப்பு, அருமைநாயகம். சம்பளம் கிடையாது. கேட்டதும் கிடையாது.

“அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! இதோ, இதோ, இதோ உங்கள் அபிமான ஜாஸ்! ஜாஸ் என்றால் என்ன? நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி. எல்லாரும் ஒண்ணா ஏறுவாங்க. ஆளாளுக்கு ஒரு தெருவுல இறங்குவாங்க. கடைசியில எப்படியோ எல்லாரும் வீடு போய்ச் சேந்துருவாங்க!”

அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. சிக்கல் அதுக்கப்புறம்தான்.

இவங்க வாசிக்கிற பாட்டு நடுவுல சடக்குன்னு நிக்கும். மூணு பேரும் கையை எடுத்துட்டுச் சும்மா இருப்பாங்க. திரும்ப எப்ப ஆரம்பிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அருமைநாயகத்துக்குப் பாட்டு முடிஞ்சுபோச்சுன்னு தோணும். ஆட்டோவில சத்தம் நின்னா பேட்டரி செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்த நிமிஷம் கடை முதலாளி போன் போட்டு ஏசுவாரு. அதனால சத்தம் நின்ன இடத்துல அவரு வாய் தானாத் தொறக்கும்.

“இதுவரை நீங்கள் கேட்டு ரசித்தது…”

டம்னு டிரம்ஸ் விழும். பாட்டு திரும்ப ஓடும்.

“…இன்னும் முடியவில்லை! தொடர்ந்து ரசியுங்கள்!”

கஸ்பார் ஒருநாள் குச்சியைக் கீழ வச்சிட்டுச் சொன்னாரு. “அண்ணாச்சி, போன வாரம் ஒரே பாட்டை நாலு தடவை அடக்கம் பண்ணிட்டீங்க.”

“நாலு தடவையும் உயிர்த்தெழுந்துச்சுல்லா?”

கஸ்பாருக்கு அதுக்கு மேல வேதம் தெரியாது.

*

சிரிப்பு அந்த வாரத்தோட நின்னுபோச்சு.

ரேடியோ கமிட்டித் தலைவி சந்தனமாரியக்கா மாடியேறி வந்தாங்க. உக்காரக்கூட இல்லை.

“சனிக்கிழமை நிகழ்ச்சி என்னன்னே புரியலைன்னு எல்லாக் குழுவுலயும் சொல்லுதாங்க. இந்த வாரம் நானே வீட்ல இருந்து கேப்பேன். நல்லாருந்தா இருக்கட்டும். இல்லைன்னா அந்த ஒரு மணி நேரத்தைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுத்துருவேன். கருவாட்டுக் குழம்புக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு.”

அவங்க சொன்னதுல ‘புரியலை’ மட்டும் அருமைநாயகத்துக்குத் தெளிவாக் கேட்டுச்சு.

புரியலையா? அப்ப இன்னும் நல்லா விளக்கணும்.

தள்ளுபடி நோட்டீஸ்களோட பின்பக்கம் எல்லாம் எழுத ஆரம்பிச்சாரு. சாக்ஸபோன் எங்க அழுது, பேஸ் எங்க ஆறுதல் சொல்லுது, டிரம்ஸ் எதுக்குக் கோவப்படுது, எல்லாம். எழுத எழுத ஒரு சந்தேகம். எந்த இடத்துல எதைச் சொல்றது?

அதைக் கேக்கத்தான் டீச்சர்கிட்ட வந்தாரு. ஃபேனைப் போட்டுட்டுத் திரும்பிப் போனாரு.

*

புதன்கிழமை திரும்ப வந்தாரு.

டீச்சர் ஒரு கல்யாண ஊர்வலத்துல வாசிச்சு முடிச்சிட்டு, பசியோட புரோட்டாக் கடையில உக்காந்திருந்தாங்க. இந்தத் தடவை வாயில ரீடு இல்லைன்னு அருமைநாயகம் முதல்லயே குனிஞ்சு பாத்து உறுதி பண்ணிக்கிட்டாரு.

“டீச்சர், அந்த ஒரு மணி நேரம் போச்சுன்னா நான் திரும்பவும் வெறும் ஜவுளிக்கடை ஆளாயிருவேன். எனக்கு வேற ஒண்ணும் கிடையாது. இந்தச் சங்கீதத்தை ஜனங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க.”

டீச்சர் அவருக்கும் சேத்து ஒரு தட்டு சொன்னாங்க.

“சாப்பிடுங்க அண்ணாச்சி.”

பொரிச்ச புரோட்டா வந்துச்சு. சால்னா வந்துச்சு. அருமைநாயகம் பிச்சுப் போட்டு, ஊற வச்சு, முதல் வாய் எடுத்தாரு.

டீச்சர் பக்கத்துல குனிஞ்சாங்க.

“இப்ப மொறுமொறுன்னு இருக்கும்.”

அவரு தலையாட்டினாரு.

“இப்ப சால்னா வருது. பட்டை, கிராம்பு. கிராம்பு கொஞ்சம் சோகமா இருக்கும்.”

அவரு ரெண்டாவது வாய் எடுத்தாரு.

“இதுவரை நீங்கள் தின்று ரசித்தது முதல் புரோட்டா. இல்லை, இன்னும் முடியலை, ஓரத்துல ஒரு துண்டு இருக்கு. தொடர்ந்து ரசியுங்கள். அடுத்து வெங்காயம். அது எதுக்காக அங்க இருக்குன்னா…”

“ஏ டீச்சர்! மனுஷனை நிம்மதியாத் திங்க விடுங்க!”

பக்கத்து மேசையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. டீச்சரும் அவரையே பாத்தாங்க.

“என்னத்துக்கு அப்படிப் பாக்கீங்க?”

“ஒண்ணுமில்லை. சாப்பிடுங்க.”

அருமைநாயகம் சாப்பிட்டாரு. கை கழுவினாரு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சாரு. கடைசியில அவருக்குப் பளிச்சுன்னு விளங்கிச்சு.

ஷேர் ஆட்டோ உவமை சரியில்லை. புரோட்டாதான் பொருத்தம்.

அன்னைக்கு ராவோட ராவா இன்னும் நாலு நோட்டீஸ் எழுதினாரு.

*

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அருமைநாயகம் இஸ்திரி போட்ட சட்டையில வந்து மைக் முன்னாடி உக்காந்தாரு. நோட்டீஸ் கட்டு ஒரு சாண் உயரத்துக்கு இருந்துச்சு.

ராயன் அந்தக் கட்டைப் பாத்தாரு. கஸ்பாரைப் பாத்தாரு. “கருவாட்டுக் குழம்பு வாசனை இப்பவே அடிக்குதுல்லா?”

டீச்சர் தன்னோட தகர டப்பாவைத் தொறந்தாங்க. உள்ள கொஞ்சம் துழாவி, பாதியா ஒடிஞ்ச ஒரு பட்டையை எடுத்து நீட்டினாங்க.

“அண்ணாச்சி, ஒரு உதவி. இது என் ரெண்டாவது ரீடு. இன்னைக்கு முக்கியமான நாளு. வாசிக்கும்போது என் ரீடு கீறிக்கிட்டா உடனே மாத்தணும். அதுவரைக்கும் இது ஊறிக்கிட்டே இருக்கணும்.”

“எங்க ஊற வைக்க?”

“உங்க வாயிலதான். எங்க மூணு பேருக்கும் வேலை இருக்குல்லா?”

“நான் வாயில வச்சதை நீங்க எப்படி டீச்சர்…”

“அவசரத்துக்குப் பாவமில்லை. ஆனா வெளிய எடுக்கப்படாது. எடுத்தா காஞ்சிரும். காஞ்சா விரிஞ்சிரும். விரிஞ்சா நிகழ்ச்சி போச்சு.”

“அப்ப நான் எப்படிப் பேச?”

“ஆரம்பத்துல ஒரு வரி சொல்லிட்டு வாயில போடுங்க. முடிஞ்சதும் நானே கண்ணைக் காட்டுதேன்.”

அருமைநாயகம் நோட்டீஸ் கட்டைப் பாத்தாரு. டீச்சரைப் பாத்தாரு. நிகழ்ச்சி போச்சுன்னா அந்தக் கட்டுக்கும் வேலை இல்லை.

சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு.

“உப்புக்காத்து. சனிக்கிழமை ஜாஸ். ஜெசிந்தா, ராயன், கஸ்பார்.”

ரீடை வாயில போட்டுக்கிட்டாரு. லேசா இனிச்சுச்சு. ஆரஞ்சு வாசனைகூட வந்துச்சு. சாக்ஸபோன்னா உள்ள இப்படித்தான் ருசிக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டாரு.

பாட்டு ஆரம்பிச்சுச்சு.

டீச்சர் சுரத்தை ஒரு வளைவு வளைச்சாங்க. அவருக்கு நாக்கு நுனியில ‘இப்போது சாக்ஸபோன் அழுகிறது’ வந்து நின்னுச்சு. ரீடு தடுத்துச்சு. முழுங்கினாரு. ராயன் பேஸ்ல கீழ்ச் சுரத்துக்கு இறங்கினாரு. ‘ஆறுதல்’ வந்துச்சு. அதையும் முழுங்கினாரு. கொஞ்ச நேரத்துல வயிறே நிறைஞ்ச மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் அது வந்துச்சு.

சடக்.

மூணு பேரும் கையை எடுத்துட்டாங்க.

ஊரு பூரா ரேடியோ சும்மா இருக்கு. சந்தனமாரியக்கா வீட்லயும் சும்மா இருக்கு. அருமைநாயகத்துக்குக் காது அடைச்சுச்சு. பேட்டரி செத்துப்போச்சு, பேட்டரி செத்துப்போச்சுன்னு நெஞ்சு அடிச்சுச்சு. கை ரீடுகிட்ட போச்சு. டீச்சரைப் பாத்தாரு.

டீச்சர் அவரைப் பாக்கலை. தலையைச் சாய்ச்சு எதையோ கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ராயனும் அப்படித்தான். கஸ்பார் குச்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு, கண்ணை மூடிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரு.

வேற வழியில்லாம அருமைநாயகமும் கேட்டாரு.

கீழ ஐஸ் பாக்டரி. யாரோ ஐஸ் கட்டி உடைக்கிறாங்க.

டக். டக். சரக்.

டக். டக். சரக்.

மூணாவது சரக்குல கஸ்பாரோட குச்சி விழுந்துச்சு. அதே அடி. அதே தாளம். அது மேல ராயன் ஏறினாரு. அது மேல டீச்சர் ஏறினாங்க. கீழ ஐஸ், மேல டிரம்ஸ், எது எங்க முடியுதுன்னு தெரியலை. பாட்டு அந்த ரூமை விட்டு இறங்கி ரோட்டுக்கே போயிருச்சு.

அருமைநாயகம் அப்படியே உக்காந்திருந்தாரு.

இத்தனை மாசமா அந்த மாடியில, அதே நாற்காலியில இருக்காரு. கீழ ஐஸ் உடைக்கிறது இன்னைக்குத்தான் அவருக்குக் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் பாட்டு மூணு தடவை நின்னுச்சு. ஒரு தடவை லாரி ஹார்னுக்காக. ஒரு தடவை கோயில் மணிக்காக. ஒரு தடவை ஒண்ணுமே வரலை. அந்தத் தடவை டீச்சர் சிரிச்சிட்டுத் தானே ஆரம்பிச்சாங்க. அருமைநாயகத்தோட கை ரீடுகிட்ட போகவே இல்லை. ஃபேன் காத்துல நோட்டீஸ் எல்லாம் ரூம் பூரா பறந்துச்சு. அவரு குனிஞ்சு எடுக்கவும் இல்லை.

ஏழு மணிக்கு டீச்சர் கண்ணைக் காட்டினாங்க.

அவரு வாயில இருந்து ரீடை எடுத்தாரு. மைக்குக்குப் பக்கத்துல போனாரு.

“இதுவரை…”

பாதியில நிறுத்தி, தரையில கிடந்த நோட்டீஸ்களைப் பாத்தாரு.

“கேட்டீங்கல்லா? சரி. வணக்கம்.”

சிவப்பு விளக்கு அணைஞ்சுச்சு.

*

போன் அடிச்சுச்சு. ராயன் எடுத்து, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வச்சாரு. சந்தனமாரியக்கா.

“புரிஞ்சுதாக்கா?” ராயன்தான் கேட்டாரு.

“எங்க புரிஞ்சுது? ஒண்ணும் புரியலை. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். அடுப்புல கருவாட்டுக் குழம்பு தீஞ்சு சட்டியோட ஒட்டிக்கிச்சு.”

ராயன் போன் சத்தத்தைக் கூட்டினாரு.

“சரி, நிகழ்ச்சி இருக்கட்டும். அடுத்த வாரம் நான் முன்னாடியே சமைச்சு இறக்கிருதேன். ஆமா, இன்னைக்கு அறிவிப்பு யாரு? புதுசா?”

“அருமைநாயகம் அண்ணாச்சிதான்க்கா.”

“யாருகிட்ட கதை விடுதீங்க? அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? தினமும் என் வாசல்ல வந்துல்லா கத்துது. இது வேற ஆளு. நல்ல மனுஷன் மாதிரி இருக்கு, அவரையே வச்சுக்கிடுங்க. அருமைநாயகத்துக்கிட்ட மட்டும் மனசு நோகாமப் பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க. பாவம், அவருக்கு இந்த நிகழ்ச்சின்னா உயிரு.”

போன் வச்சாச்சு.

ராயன் பேஸுக்கு உறை மாட்டுற மாதிரி திரும்பிக்கிட்டாரு. கஸ்பார் தோள் குலுங்குச்சு.

அருமைநாயகம் கையில இருந்த ரீடை வேட்டி நுனியில நல்லாத் துடைச்சு, ரெண்டு கையாலயும் டீச்சர்கிட்ட நீட்டினாரு.

“உங்க ரீடு, டீச்சர். நல்ல வேளை, தேவைப்படலை. பத்திரமா உள்ள வைங்க. விலை கூடின சாமானம்.”

டீச்சர் வாங்கலை.

“அது ஐஸ் குச்சி, அண்ணாச்சி. நேத்து நான் தின்னது. கழுவிட்டேன்.”

அருமைநாயகம் வாயைத் தொறந்தாரு.

கீழ ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுச்சு.

குச்சியை எடுத்துத் திரும்ப வாயில வச்சுக்கிட்டாரு.